ஏபிஎல்ஏ பாசிட்டிவ்: கரு தங்காமல் போவதும் ரத்தம் உறைவதும்

மூன்றாவது முறையாகக் கரு கலைந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு நம் ஊரில் காரணங்கள் சொல்ல ஆளுக்குப் பஞ்சமிருப்பதில்லை. பப்பாளி தின்றிருப்பாள், ஸ்கூட்டரில் மேடுபள்ளத்தில் போயிருப்பாள், உடம்பு சூடு, கர்ப்பப்பை வீக் என்று வருகிறவர்கள் எல்லாம் ஒவ்வொன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அத்தனையும் அவள் செய்த ஏதோ ஒன்றின் மேல்தான் வந்து நிற்கின்றன. உறுதியான கர்ப்பங்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்று ஆரம்ப மாதங்களிலேயே கலைந்துவிடுகிறது என்பதும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கருவின் குரோமோசோம்களில் தற்செயலாக நேர்ந்த பிழையால் கலைகின்றன என்பதும், அதில் தாய் செய்ததும் செய்யாததும் ஏதுமில்லை என்பதும் அவளிடம் அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனால் அடுத்தடுத்து மூன்று முறை கலைவது அப்படி எல்லோருக்கும் நேர்வது அல்ல. 100 தம்பதியரில் ஏறக்குறைய ஒரு தம்பதியருக்கே அது நேர்கிறது. அங்கே தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் சில உண்டு. அவற்றுள் மிக முக்கியமானது, கண்டுபிடித்தால் மருந்து உள்ளது என்பதால் தவறவிடவே கூடாதது, தாயின் ரத்தத்தில் உருவாகும் சில எதிர்ப்பொருள்களால் (ஆன்டிபாடி) வரும் உறைவுக் கோளாறு. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்பது அதன் முழுப்பெயர். மகப்பேறு மருத்துவமனை வராந்தாக்களில் அது, ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி என்பதன் சுருக்கமாக, ‘ஏபிஎல்ஏ பாசிட்டிவ்’ என்ற பெயரில்தான் புழங்குகிறது. திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களில் சுமார் 15 சதவீதத்தினரிடம் இந்த எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன.

இக்கட்டுரை அந்தக் கோளாறைப் பற்றியும், அதோடு கர்ப்பத்தைக் கொண்டுசெல்லும் முறையைப் பற்றியும் பேசுகிறது. கூடவே ஒரு வற்புறுத்தலும் இதில் உண்டு. இந்தக் கோளாறு உறுதியான பெண்ணுக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி பெரும் பயன் தருகிறது; உறுதியாகாத பெண்ணுக்கு அதே ஊசி, இன்று நமக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளின்படி, கருவைக் காப்பதில்லை. இந்த இரு பெண்களையும் பிரித்தறிய உதவும் பரிசோதனையை அவசரமின்றிச் சரியாகச் செய்வதே சிகிச்சையின் முதல் பாதி.

பாஸ்போலிப்பிட் என்பது நம் செல்களின் வெளிச்சவ்வை ஆக்கியிருக்கும் கொழுப்பு. ரத்தம் உறையும்போது உறைவுக் காரணிகள் வந்து அமர்ந்து வேலை செய்யும் மேடையும் அதுதான். சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் இந்தக் கொழுப்புக்கும் அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களுக்கும், குறிப்பாக பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதத்துக்கும், எதிராகப் பொருள்களை உண்டாக்கிவிடுகிறது. இது பிறவியில் வருவதில்லை, இடையில் வந்து சேர்வது. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயுள்ள பெண்களிடம் அதிகம் காணப்பட்டாலும், வேறு எந்த நோயும் இல்லாத பெண்களிடமும் இது வருகிறது.

இதன் வரலாறு சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனையிலிருந்து தொடங்குகிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்யப்படும் விடிஆர்எல் என்ற பரிசோதனையில் சிபிலிஸ் கிருமி எதுவும் பயன்படுவதில்லை. மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த கார்டியோலிப்பின் என்ற பாஸ்போலிப்பிட்தான் அதில் பயன்படுகிறது. அந்தக் கொழுப்போடு வினைபுரியும் எதிர்ப்பொருள் ஒருவர் ரத்தத்தில் இருந்தால், அவருக்குச் சிபிலிஸ் இல்லாவிட்டாலும் முடிவு பாசிட்டிவ் என்று வரலாம். அப்படித் தவறாகப் பாசிட்டிவ் வந்தவர்களில் சிலருக்கு லூபஸ் இருப்பதையும், சிலருக்கு ரத்தம் உறையும் நேரத்தில் மாற்றம் இருப்பதையும் 1950களிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். விடிஆர்எல் பாசிட்டிவ் என்ற ஒற்றை வரியைப் பார்த்ததும் கணவன் மனைவிக்குள் சந்தேகம் முளைத்த குடும்பங்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிபிலிஸுக்கே உரிய டிபிஎச்ஏ போன்ற உறுதிப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்து, அந்தப் பெண்ணுக்கு முன்பு கரு கலைந்த வரலாறும் இருந்தால், அடுத்து பார்க்க வேண்டியது அவளுடைய ஏபிஎல்ஏ அளவுகளைத்தான்.

1983-இல் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் இந்தத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். ரத்தக் குழாய்களில் உறைகட்டி, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, மூளை பாதிப்பு, ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்கள் ஆகிய எல்லாம் ஒரே நோயின் முகங்கள் என்றார். இன்றும் சிலர் இதை ஹியூஸ் சிண்ட்ரோம் என்றே அழைக்கிறார்கள்.

இந்தக் கோளாறைக் கண்டறிய மூன்று பரிசோதனைகள் உள்ளன. கார்டியோலிப்பினுக்கு எதிரான பொருளும், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனுக்கு எதிரான பொருளும் எவ்வளவு உள்ளன என்று ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரு வகைகளாக அளப்பவை இரண்டு. மூன்றாவது பரிசோதனையின் பெயர் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். இந்தப் பெயர் இரண்டு வகையில் வழிதவறச் செய்கிறது. இது பாசிட்டிவ் என்று வந்த பெண்களில் பலருக்கு லூபஸ் நோய் இல்லை. ஆன்டிகோயாகுலன்ட் என்றால் உறைவதைத் தடுப்பது என்று பொருள். சோதனைக் குழாய்க்குள் இது உண்மையாகவே உறைவதைத் தாமதப்படுத்துகிறது, ஏனெனில் உறைவுக் காரணிகளுக்குத் தேவையான கொழுப்பை எதிர்ப்பொருள் முந்திப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் உடலுக்குள் அதே எதிர்ப்பொருள் ரத்தக் குழாய்களின் உட்சுவரையும் தட்டணுக்களையும் தூண்டிவிட்டு உறைதலை அதிகப்படுத்துகிறது. ‘ரத்தம் உறைய நேரமாகிறது என்று ரிப்போர்ட் சொல்கிறதே, பிறகு எதற்கு உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்கள்’ என்று குழம்பும் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொன்னால், பாதி பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த மூன்றாவது பரிசோதனைக்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. அதில் பரவலாகப் பயன்படும் முறை, கண்ணாடி விரியனின் நஞ்சை மிக நீர்க்கக் கரைத்து ரத்தத்தின் பிளாஸ்மாவில் கலந்து, அது உறைய எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று பார்ப்பது. நம் வயல்வரப்புகளில் கடித்துப் பலரைக் கொல்லும் அந்தப் பாம்பின் நஞ்சு, பத்தாம் உறைவுக் காரணியை நேரடியாக முடுக்கிவிடும் தன்மை உடையது. அதனால்தான் கடிபட்டவரின் உறைவுக் காரணிகள் எல்லாம் வேகமாகச் செலவழிந்து, பிறகு ரத்தம் உறையாமல் போய்விடுகிறது. அதே தன்மையை அளந்து பயன்படுத்தினால் உறைதலின் கடைசிப் படிகளை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்க்கலாம். 1986-இல் பெருமாள் தியாகராஜன், விட்டோரியோ பெங்கோ, சாண்டர் ஷபிரோ ஆகிய மூவரும் இதை லூபஸ் ஆன்டிகோயாகுலன்டைக் கண்டறியும் முறையாக வெளியிட்டார்கள். ரிப்போர்ட்டில் டிஆர்விவிடி என்று ஐந்து ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக இருப்பது இதுதான்.

இந்த எதிர்ப்பொருள் கருவை எப்படிக் கலைக்கிறது? நஞ்சுக்கொடியின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உறைகட்டிகள் உருவாகி, குழந்தைக்குப் போகும் ரத்தம் தடைப்படுகிறது என்றே முதலில் நினைத்தார்கள். கர்ப்பத்தின் பிந்தைய மாதங்களில், குழந்தை நன்றாக வளர்ந்த பிறகு வயிற்றிலேயே இறந்துபோகும் நிலைகளில், அது ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் கலைந்த கருவின் திசுக்களைச் சோதித்தபோது பலவற்றில் உறைகட்டியே இல்லை. நஞ்சுக்கொடியாக மாற வேண்டிய செல்கள் கர்ப்பப்பையின் சுவருக்குள் வேரோடிப் போக வேண்டிய காலத்தில், இந்த எதிர்ப்பொருள்கள் அந்தச் செல்கள் மேலேயே ஒட்டிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. காம்ப்ளிமென்ட் எனப்படும் அழற்சிப் புரதங்களையும் தூண்டுகின்றன. 2004-இல் சுண்டெலிகளில் நடந்த ஆய்வில், ஹெப்பாரின் கருவைக் காத்தது உறைதலைத் தடுத்ததால் அல்ல, இந்தக் காம்ப்ளிமென்ட் அழற்சியைத் தடுத்ததால்தான் என்று தெரிந்தது; உறைதலை மட்டும் தடுக்கும் வேறு மருந்துகள் அந்தச் சுண்டெலிகளைக் காக்கவில்லை. ‘ரத்தத்தை மெலிதாக்கும் ஊசி’ என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வது முழு உண்மை அல்ல என்பதையும், ரத்தத்தை மெலிதாக்கும் எந்த மருந்தையும் அதற்குப் பதிலாக வைத்துவிட முடியாது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஊசி பயன் தரும் என்பதற்கு மனிதர்களில் கிடைத்த முக்கியமான சான்று லண்டனின் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையிலிருந்து வந்தது. திரும்பத் திரும்பக் கரு கலைந்து, இந்த எதிர்ப்பொருள்கள் உறுதியான 90 பெண்களை அங்கே இரு பிரிவாகப் பிரித்தார்கள். கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து எல்லோருக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தார்கள். ஸ்கேனில் கருவின் இதயத்துடிப்பு தெரிந்ததும் ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக ஹெப்பாரின் ஊசி, 5,000 யூனிட் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 1997-இல் வெளியான முடிவின்படி, ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதத்தினருக்கும், இரண்டும் பெற்றவர்களில் 71 சதவீதத்தினருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. அதற்கு முந்தைய காலத்தில் சிகிச்சை எதுவும் பெறாத இத்தகைய பெண்களைப் பின்தொடர்ந்தபோது பத்தில் ஒருவருக்கே குழந்தை தங்கியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரியும். எல்லா ஆய்வுகளும் இதே அளவு வேறுபாட்டைக் காட்டவில்லை. 2002-இல் வந்த இன்னோர் ஆய்வில் இரு பிரிவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்ந்ததே இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் வழிமுறை. அதே 1997-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு, அதுவரை பரவலாகக் கொடுக்கப்பட்டு வந்த ஸ்டீராய்டு மாத்திரை கருவைக் காப்பதில்லை, குறைப்பிரசவத்தைத்தான் கூட்டுகிறது என்று காட்டியது. லூபஸ் போன்ற வேறு தேவை இருந்தாலன்றி ஸ்டீராய்டு இன்று இதற்காகக் கொடுக்கப்படுவதில்லை.

இனிதான் நான் மிகவும் கவலைப்படும் இடம் வருகிறது. ஒரு முறை பாசிட்டிவ் என்று வந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு பெண்ணை ஏபிஎல்ஏ நோயாளி என்று முடிவு செய்துவிடக் கூடாது. காய்ச்சல், வைரஸ் தொற்று போன்றவற்றுக்குப் பிறகு இந்த எதிர்ப்பொருள்கள் சில வாரங்கள் தோன்றி, தானாகவே மறைந்துபோகும்; அவை கருவுக்குக் கேடு செய்வதில்லை. அதனால்தான் குறைந்தது 12 வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் பார்த்து, அப்போதும் பாசிட்டிவ் என்று வந்தால் மட்டுமே நோய் உறுதியாகிறது என்ற விதியை 2006-இல் வெளியான சிட்னி அளவுகோல் வகுத்தது. அளவும் முக்கியம்: கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள் 40 யூனிட்டுக்கு மேல் இருக்க வேண்டும், 14, 18 என்று ஆய்வகத்தின் எல்லையைச் சற்றே தாண்டிய எண்ணுக்கு அவ்வளவு பொருள் இல்லை. பத்து வாரத்துக்கு முன் அடுத்தடுத்து மூன்று முறை கலைந்தது, பத்து வாரத்துக்குப் பின் இயல்பான உருவமுள்ள குழந்தை ஒருமுறையேனும் காரணமின்றி வயிற்றில் இறந்தது, கடும் ரத்த அழுத்தத்தாலோ நஞ்சுக்கொடி செயலிழந்ததாலோ 34 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க நேர்ந்தது ஆகிய மூன்றில் ஒன்று வரலாற்றில் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆராய்ச்சிக்காக வகுத்த கறாரான அளவுகோல் இது. நேரில் பார்க்கும் மருத்துவர் இரண்டு கருச்சிதைவுகளுக்குப் பிறகே பரிசோதிக்கச் சொல்வது தவறல்ல, ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதை ஏற்கிறது.

பன்னிரண்டு வாரம் என்பது, மீண்டும் குழந்தைக்காகத் தவிக்கும் ஒரு தம்பதியருக்கு எவ்வளவு நீண்ட காத்திருப்பு என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆயினும் அந்த இடைவெளியில் நாள் தள்ளிப்போய்விட்டால், ஊசியைத் தொடங்குவதா வேண்டாமா என்ற முடிவை அரைகுறைத் தகவலோடு எடுக்க வேண்டியிருக்கும். ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் ரத்தத்தில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனை குழம்பிப்போகும். எனவே இரண்டு முறையும், கர்ப்பம் இல்லாதபோதும் ஊசி தொடங்கும் முன்பும் பார்த்துவிடுவதே நல்லது.

பரம்பரையாக வரும் உறைவுக் கோளாறுகள் இதிலிருந்து முற்றிலும் வேறு. பாக்டர் ஃபைவ் லைடன், புரோத்ராம்பின் மரபணு மாற்றம், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் குறைபாடுகள் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் பெற்ற முதலாவது மாற்றம், ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 5 சதவீதத்தினரிடம் இருக்கிறது. இந்தியர்களிடம் அதைவிடக் குறைவு. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஊசி கருவைக் காக்கும் என்ற நம்பிக்கையில் பல ஆண்டுகள் ஊசி போடப்பட்டது. 2023-இல் வெளியான அலைஃப்-2 என்ற ஆய்வு, பரம்பரை உறைவுக் கோளாறும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளும் உள்ள 326 பெண்களை எடுத்துக்கொண்டு, ஊசி போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கும் போடாதவர்களில் 71 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்ததைக் காட்டியது. காரணமே தெரியாமல் கரு கலைந்த பெண்களிடம் 2010-இல் வெளியான முந்தைய ஆய்விலும் ஆஸ்பிரினோ ஊசியோ பயன் தரவில்லை. எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணு மாற்றத்தைச் சொல்லி ஊசி எழுதிக் கொடுப்பதற்கு இதைவிடவும் குறைந்த ஆதாரமே உண்டு. நலமாகக் குழந்தை பெற்ற பெண்களிலும் ஏராளமானோரிடம் அந்த மாற்றம் இருப்பதால், அதைப் பரிசோதிக்கவே தேவையில்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் சொல்லியிருக்கிறது. புரோட்டீன் எஸ் அளவோ கர்ப்பத்தில் இயல்பாகவே குறையும். மாசமாக இருக்கும்போது அதைப் பார்த்துக் ‘குறைபாடு’ என்று எழுதுவது பிழையாகிவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டியே ஆக வேண்டும். பரம்பரைக் கோளாறு உள்ள பெண்ணுக்குக் கருவைக் காப்பதற்காக ஊசி தேவைப்படாவிட்டாலும், அவளுடைய உயிரைக் காப்பதற்காகத் தேவைப்படலாம். முன்பே காலில் உறைகட்டி வந்தவர், ஆன்டித்ராம்பின் குறைபாடு உள்ளவர் ஆகியோர் அந்த வகை. கர்ப்பம் என்றாலே ரத்தம் உறையும் தன்மை கூடும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் தாயைக் காக்க உடல் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதன் விலையாகக் காலின் ஆழமான சிரைகளில் உறைகட்டி வரும் வாய்ப்பு நான்கைந்து மடங்கு உயர்கிறது. ‘கருவுக்காகவா, தாய்க்காகவா?’ என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, எந்த ஊசியை எத்தனை நாள் போடுவது என்பதையே மாற்றிவிடும்.

நோய் உறுதியானவர்களுக்கு வழி ஓரளவு தெளிவாக இருக்கிறது. 75 முதல் 150 மில்லிகிராம் வரையிலான ஆஸ்பிரின், நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் எக்கோஸ்பிரின் என்ற பெயரில் கிடைப்பது, கருத்தரிக்க முயலும்போதே தொடங்கப்படுகிறது. சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்ததும் ஹெப்பாரின் சேர்கிறது. மூலக்கூறு எடை குறைந்த ஹெப்பாரின் வகைகளில் எனாக்ஸபாரின் நம்மிடம் பரவலானது. 50 முதல் 90 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், அதற்குக் குறைந்த எடைக்கு 20. எடை குறைந்த வகையிலும் ஹெப்பாரினின் மூலக்கூறு பெரிதாகவே இருப்பதால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை அப்படியல்ல. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது குழந்தையின் மூக்கு, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே முன்பே உறைகட்டி வந்து வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஏபிஎல்ஏ பெண், நாள் தள்ளியவுடன், ஆறு வாரம் ஆகும் முன், எடைக்கேற்ற முழு அளவு ஹெப்பாரினுக்கு மாற வேண்டும். இந்த மாற்றத்தை மருத்துவரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த பிறகு பயத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பது தாய்க்கு ஆபத்து. ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது.

ஊசி நாள்தோறும் வீட்டிலேயே போடப்படுகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள்: ஆறாவது வாரத்திலிருந்து நாற்பதாவது வாரம் வரை 238 நாள்கள், பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாள்கள், ஆக 280 ஊசிகள். மருந்து நிரப்பிய சிரிஞ்சின் நுனியில் ஒரு காற்றுக் குமிழி இருக்கும். அதை வெளியேற்றக் கூடாது, மருந்து முழுதும் உள்ளே போவதற்காக வைத்தது அது. தொப்புளிலிருந்து மூன்று விரல் அளவு தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில், தோலை இரு விரலால் மடிப்பாகப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுதும் இறக்கி, மெல்ல அழுத்தி, எடுத்த பின் பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்த்தால் நீலம் பாரிக்கும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். ‘வயித்துல போய்க் குத்துறியே கண்ணு, புள்ளைக்குப் படாதா?’ என்று வாசலில் நின்று கண்ணை மூடிக்கொள்ளும் மாமியாரிடம், ‘தோலுக்கு அடியிலதான் போகுது அத்தை, கர்ப்பப்பை எவ்வளவோ உள்ளே இருக்கு’ என்று ஒரு பெண் அமைதியாகச் சொல்லிக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னது சரி. ஐந்தாறு மாதம் ஆகும்போது அந்த வயிறு முழுக்கப் பழைய நீலமும் புதிய நீலமுமாக இருந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஊசியை நிறுத்தச் சொன்னார்கள், அவள் நிறுத்தவில்லை. பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் எறியாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுப்பது துப்புரவுப் பணியாளர்களின் கைகளைக் காக்கும்.

ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் பின்னர் தெரிய வந்து மனம் கலங்கிய குடும்பங்கள் உண்டு. சமயக் காரணத்தாலோ சைவ உணவுப் பழக்கத்தாலோ தயக்கம் உள்ளவர்கள், ஊசி தொடங்கும் முன்பே மருத்துவரிடமும், வேண்டுமானால் தங்கள் சமயப் பெரியவர்களிடமும் பேசி முடிவெடுக்க நேரம் வேண்டும். விலையும் சிறிதல்ல, எனாக்ஸபாரின் கட்டுப்படியாகாத இடத்தில் பழைய வகை ஹெப்பாரினை நாளுக்கு இரு வேளை போடலாம், செயின்ட் மேரீஸ் ஆய்வில் பயன்பட்டது அதுதான். நீண்ட நாள் போடும்போது எலும்பு தேயாமல் இருக்கச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் தேவை. தட்டணு எண்ணிக்கை குறைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரு தங்கி மூன்று மாதம் தாண்டியதும் ஆபத்து முடிந்துவிட்டது என்று வீட்டார் மூச்சு விடுவது இயல்பு. இந்தக் கோளாறில் அப்படி விட முடியாது. கடும் ரத்த அழுத்தம், குழந்தை எடை குறைவு, குறைப்பிரசவம் ஆகியவை சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு வருகின்றன. மூன்று பரிசோதனைகளில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு மிக அதிகம். இவர்களுக்கு ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும்; 20 முதல் 24 வாரத்துக்குள் கர்ப்பப்பை ரத்தக் குழாய்களின் டாப்ளர் ஸ்கேனும், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேனும் வேண்டும். முந்தைய கர்ப்பத்தில் சிகிச்சை எடுத்தும் கரு தங்காதவர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தலைவலியோடு கண் மங்குவது, மேல்வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல் ஆகிய எதற்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பத்தில் உறைகட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வருகிறது, அங்கிருந்து வரும் சிரையைத் தமனி ஒன்று குறுக்கே அழுத்துவதால். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு எட்டு மணி நேரம் பேருந்தில் போவதாக இருந்தால், வழியில் இறங்கி நடப்பதும், தண்ணீர் குடித்துக்கொண்டே போவதும், இந்தப் பெண்களுக்கு உடல்நலத்தின் பகுதி.

பிரசவ நாளைத் திட்டமிடுவதில் ஊசிக்கு முக்கிய இடம் உண்டு. முதுகுத்தண்டில் மயக்க மருந்து கொடுப்பதற்கும் கடைசியாகப் போட்ட ஊசிக்கும் இடையே, தடுப்பு அளவு என்றால் 12 மணி நேரமும், முழு அளவு என்றால் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். இல்லையேல் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. அதனால் வலி எடுக்கத் தொடங்கினாலோ பனிக்குடம் உடைந்தாலோ அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போய், கடைசி ஊசி எந்த மணிக்குப் போட்டது என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். கடைசி மாதத்தில் அந்த நேரத்தைத் தினமும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருப்பது நல்ல பழக்கம்; வலியில் இருப்பவளுக்கு நினைவிருக்காது, உடன் வரும் கணவனுக்கும் பல நேரம் தெரியாது.

உறைகட்டி வரும் ஆபத்து மிகுந்திருப்பது குழந்தை பிறந்த பிறகுள்ள ஆறு வாரங்களில்தான். இதைத்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் அறிந்திருப்பதில்லை. குழந்தை கையில் வந்துவிட்டது, இனி ஊசி எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். அதோடு, பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு போடும், சளி பிடிக்கும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பதும், பத்து பதினைந்து நாள் எழவே விடாமல் படுக்க வைப்பதும் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும். கால் அசையாமல் கிடந்தால் அது தேங்கும். ஏபிஎல்ஏ உள்ள பெண்ணுக்கு இந்த இரண்டும் சேர்வது உயிருக்கே ஆபத்து. பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் தாராளமாக இருக்கட்டும். தண்ணீர் வேண்டிய அளவு இருக்க வேண்டும், பிரசவத்துக்கு மறுநாளே எழுந்து நடக்க வேண்டும், ஊசி 42 நாள்களும் தொடர வேண்டும். ஹெப்பாரினும் வார்ஃபரினும் தாய்ப்பாலில் குழந்தையைப் பாதிக்கும் அளவுக்குப் போவதில்லை, எனவே பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

ஆறு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இந்தப் பெண்களுக்கு ஆகாது. காப்பர்-டி போன்றவை பொருந்தும். பிறகு மாதவிடாய்க் கோளாறுக்காக வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தாலும் அந்த மாத்திரையை எழுதிவிடாமல் இருக்க, இரண்டு முறையும் பாசிட்டிவ் வந்த அந்த ரிப்போர்ட்டுகளின் நகலைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரே ஃபைலில் வைத்திருப்பது நல்லது.